கை தூக்கினால்தான் ஓட்டு

இளமையில் செய்த அசட்டுத்தனம் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அது நடந்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விரிவாக்க அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற புதிது. மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் தலைக்குள் இருந்த விதிகள் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டன. முதலில் இட்லி வைப்பதா, சட்னி வைப்பதா என்பதற்குக்கூட நடைமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். (மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். என் மனைவியைக் கேட்டால் இதைவிட மோசமாகச் சொல்வாள்.)

2006. சிக்குன்குன்யா ஊர் ஊராக வந்த வருடம். ஒரகடத்துக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். கம்பெனிகள் வரிசை கட்டி வர ஆரம்பித்திருந்தன. யாருடைய மனையையோ மேடாக்க எங்கள் மண்ணை லாரி லாரியாக அள்ளிப் போனார்கள். அங்கே மேடானது, இங்கே தொடக்கப் பள்ளிக்குப் பின்னால் பள்ளமானது. மழை பெய்து பள்ளம் நிரம்பியது. அதில் பிறந்த கொசுக்கள் பள்ளியில் படித்து முடித்து, ஊரெங்கும் வேலைக்குப் போயின.

காய்ச்சல் இரண்டொரு நாளில் விட்டுவிடும். மூட்டு வலி விடாது. பள்ளிக்கூடத் தெரு முழுக்க எல்லோரும் வளைந்து நடந்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறியவரை இறக்க, இறங்கியவர்கள் திரும்பி வரவேண்டியிருந்தது.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை வசந்தா, என் மனைவி. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை. மழைக்காலத்துக்குள் பள்ளத்தை மூடாவிட்டால் பள்ளியைப் பூட்டி, பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளிக்கு அனுப்பிவிடுவது என்று மேலிடத்தில் பேச்சு. கன்டெய்னர் லாரிகள் பறக்கும் சாலை அது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை அதைக் கடப்பதை நினைத்து நினைத்து வசந்தா இளைத்தே போனாள்.

ஊராட்சித் தலைவர் தனகோட்டிக்கு வேறு கவலை. உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் நுழைவாயிலில் தன் பெயர் பொறித்த வளைவு ஒன்று எழுப்பிவிட வேண்டும். அவர் வசித்த மேட்டுத் தெருவில் கொசுவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஊராட்சியிடம் இருந்ததோ ஒரு வேலைக்கான நிதி. பள்ளமா, வளைவா? சுதந்திர தினத்தன்று கூடும் கிராம சபையில் முடிவு.

அன்று காலையில் தனகோட்டி என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், கூட்டத்துக்கு வர்ற ஆபீசரு காய்ச்சல்ல பட்துக்கினாராம். நீங்க வந்து குந்துனா போதும். ரூல் இன்னான்னு உங்கள வுட்டா இந்தத் தாலுக்காவுல எவனுக்குத் தெரியும்?”

நான் சலவைச் சட்டையைத் தேடினேன்.

“அவர் எதுக்குக் கூப்பிடறார்னு புரியுதா?” என்றாள் வசந்தா.

“தகுதிக்கு மரியாதை.”

“நல்லாப் புரிஞ்சுது” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள்.

கொடியேற்றும்போது பாதிப் பேர் சல்யூட் அடிக்கவில்லை. நாட்டுப்பற்று இவ்வளவு குறைந்துவிட்டதே என்று வருந்தினேன். (நானும் அடிக்கவில்லை. தோளில் ஏதோ பிடிப்பு. என்னுடையது வேறு விஷயம் அல்லவா?)

பள்ளி மைதானத்தில் சபை கூடியது. மைக்குக்கு முன்னால் எனக்கு நாற்காலி. வசந்தாவுக்கு ஆதரவாகப் அறுபது எழுபது இளைஞர்கள் வந்திருந்தார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து, இங்கே வாடகை அறைகளில் தங்கி, ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். கை கால் நன்றாக இயங்கியது அந்தப் பக்கத்தில் அவர்களுக்கு மட்டும்தான். நான் விடுவேனா?

“நீங்க எல்லாரும் இந்த ஊர் வாக்காளர் பட்டியல்ல இருக்கீங்களா?”

இசக்கி என்ற பையன் எழுந்தான். “இல்ல சார். எங்களுக்கு ஓட்டு நாங்குநேரிப் பக்கம்லா.”

“அப்ப ஓரமா நில்லுங்க. கை தூக்கக் கூடாது.”

“கொசு பட்டியல் பாத்தா சார் கடிக்கு?”

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விதி சிரிப்பதில்லை.

வாக்கெடுப்பு. வளைவு வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். மேட்டுத் தெருக் கைகள் கரும்புத் தோட்டம் மாதிரி எழுந்து நின்றன. எண்ணி முடித்தேன். பள்ளத்தை மூட வேண்டும் என்பவர்கள்?

ஒரு கையும் எழவில்லை. எதிரே ஊரில் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முனகல் கேட்கிறது. கை மட்டும் இல்லை.

முன் வரிசையிலிருந்து கன்னியம்மா கத்தினாள். இசக்கி தங்கியிருந்த அறையின் சொந்தக்காரி. “தூக்க முடிஞ்சா தூக்க மாட்டமா சார்? இந்தக் கையி சோறு துன்னவே வாய் வரைக்கும் வர மாட்டேங்குது! வாயால சொல்றோம், எழுதிக்கோ! பள்ளத்த மூடு!”

“மூடு! மூடு!” என்று மைதானமே அலறியது.

“சத்தம் செல்லாது” என்றேன் மைக்கில். “கை தூக்கினால்தான் ஓட்டு.”

எழுந்து நிற்கச் சொல்லலாமே என்றார் ஒருவர். யோசித்தேன். உட்கார்ந்தவர்களால் எழ முடியாது. நின்றிருந்தவர்களால் உட்கார முடியாது. கணக்கு இன்னும் கெட்டுவிடும்.

“சார் சொன்னா சட்டம்” என்று தனகோட்டி எனக்கு சோடா உடைத்துக் கொடுத்தார். வசந்தா பள்ளி வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள். திருமணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை. பள்ளியைப் பூட்டப்போவது நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் விதி?

“சார், ஒரு சந்தேகம்” என்றான் இசக்கி ஓரத்திலிருந்து. “கைய யாரு தூக்கணும்னு ரூல்ல இருக்கா?”

மூளைக்குள் சட்டம், விதி, அரசாணை, சுற்றறிக்கை எல்லாவற்றையும் புரட்டினேன். கை உயர்ந்திருக்க வேண்டும். அது வாக்காளரின் கையாக இருக்க வேண்டும். அதை உயர்த்துவது யார்? ஒரு வரி இல்லை! உடம்பெல்லாம் புல்லரித்தது. பணிக்காலம் முழுக்க எவனும் கேட்காத கேள்வி!

“இல்லை” என்றேன். மைக் அதை ஊருக்கே சொன்னது.

“எல, வாங்கல!”

அடுத்த நிமிடம் மைதானம் திருவிழா ஆகிவிட்டது. ஒவ்வொரு பையனும் தன் வீட்டுக்காரர் பின்னால் போய் நின்று, அவர் மணிக்கட்டை ஒரு கையாலும் பக்கத்தில் இருந்தவர் மணிக்கட்டை மறு கையாலும் பிடித்தான். கைகள் எழுந்தன. அவற்றோடு “ஐயோ அம்மா”க்களும் எழுந்தன.

“மெதுவாடா பாவி! அது கையி, கியர் இல்ல!” என்றாள் கன்னியம்மா.

“பொறுத்துக்கிடுங்கக்கா, பிள்ளைகளுக்காவண்டி!”

தனகோட்டி துள்ளினார். “இன்னா சார் அநியாயம் இது! ஓட்டு இல்லாதவன் கை தூக்கிக்கினு கீறான்!”

“தலைவரே, அவன் தூக்கறது அவன் கை இல்ல. வாக்காளர் கை. செல்லும்.”

எண்ணினேன். “சீக்கிரம் எண்ணு சார், உசுரு போவுது!” என்று கூட்டம் கதறக் கதற, விரல் நீட்டி, வரிசை வரிசையாக எண்ணினேன். பள்ளத்துக்குப் பெரும்பான்மை. தனகோட்டி மறு எண்ணிக்கை கேட்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு என்று நானே எடுத்துச் சொன்னேன். இறங்கிய கைகளை மறுபடி தூக்கினார்கள். அன்று என்னை நோக்கி வந்த சொற்களை இங்கே எழுத முடியாது.

வசந்தா படியிறங்கி நேராக என்னிடம் வந்தாள். “உங்க கை எங்க?”

“நான் நடுநிலை…”

“பட்டியல்ல பேர் இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

என் வலது கையைப் பிடித்தாள். தூக்கினாள். காலையில் தோளில் இருந்தது வெறும் பிடிப்பு இல்லை என்று எனக்கும், மைக் அணைக்கப்படவில்லை என்று பெரிய சாலை வரைக்கும் தெரிந்தது.

மழைக்கு முன் பள்ளம் மூடப்பட்டது. பள்ளி பூட்டப்படவில்லை, எந்தக் குழந்தையும் அந்தச் சாலையைக் கடக்கவில்லை. ‘பள்ளம் மூடிய செம்மலே’ என்று போஸ்டர் அடித்துத் தனகோட்டி மறுபடி ஜெயித்தார். எனக்கு அன்று மாலையே காய்ச்சல். கையை அசைக்க முடியாமல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். “கை தூக்கினாதான் சோறு” என்று சொல்லிவிட்டு, வசந்தா கொஞ்ச நேரம் கழித்தே ஊட்டினாள்.

இன்றும் எங்கள் வீட்டில் எதை முடிவு செய்வதானாலும் வாக்கெடுப்புதான். என் கையைத் தூக்கிவிட மகள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். போன மாதம் சமையலறைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று பேச்சு வந்தது. எனக்குப் பச்சை பிடிக்கும். யாரும் தொடுவதற்கு முன்பே கையை உயர்த்திவிட்டேன்.

வசந்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

“தானாத் தூக்கின கை செல்லாது” என்றாள்.

மஞ்சள் அடித்திருக்கிறோம்.