மேஜரைக் கொன்றது டாக்டர்தான்

மேஜர் பிரிங்கிளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தார். மறு நிமிடம் தரைவிரிப்பில் குப்புறக் கிடந்தார். டிவி விளம்பரத்துக்குப் போனது. நான் கெட்டிலைப் போடப் போனேன். இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயர் பக்கம் ஞாயிறு மாலை யாராவது செத்தால்தான் தேநீர் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முதல் விளம்பர இடைவேளையில் கொலைகாரன் யாரென்று ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்றக் கூடாது. கல்யாணமான நாள் முதல் என் மனைவி ஹெஸ்டர்தான் ஜெயித்துவந்தாள். நான் கைகாட்டியவர்கள் எல்லாரும் உத்தமர்கள். சிலர் அடுத்த காட்சியிலேயே பிணமாகி அதை நிரூபித்தார்கள்.

தோட்டத்து மூலையில் எனக்கு ஒரு ஷெட் இருந்தது. அதில் ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, நான். அதை இடித்துவிட்டு, தக்காளி வளர்க்கக் கண்ணாடி வீடு கட்ட வேண்டும் என்று ஹெஸ்டர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றோடு அந்தப் பேச்சை ஒழிப்பது என்று தீர்மானித்தேன்.

தைரியத்துக்குக் காரணம் இருந்தது. அந்த நாடகம் என் தாத்தா காலத்துத் துப்பறியும் நாவல். மேஜர் கையில் செல்போனைக் கொடுத்து இந்தக் காலத்துக் கதையாக்கியிருந்தார்கள். நாவலோ, பழைய பொருள் விற்கும் தர்மக் கடையின் ஜன்னலில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஹெஸ்டர் வியாழக்கிழமைகளில் அங்கே சம்பளமில்லாமல் வேலை பார்ப்பாள். அதனால் வெள்ளிக்கிழமை போய் வாங்கினேன். அவ்வளவு எச்சரிக்கை! ஷெட்டில் ஒளிந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். மேஜரைக் கொன்றது டாக்டர்.

"ஹெஸ்டர், இன்னிக்கு ஷெட்டையே பந்தயம் வெக்கிறேன். நான் ஜெயிச்சா, கண்ணாடி வீடுன்னு நீ இனிமே வாயத் திறக்கக் கூடாது."

"ஐயோ, ஷெட்டா? நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சாச்சு."

"அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"உன் மூஞ்சியப் பத்திக் கவலப்படு. டாக்டர்தான் கொலைகாரர்."

"டாக்டரா? பாவம், நாடி பாக்கும்போது அவருக்கே கை நடுங்குச்சே."

"அதான் நடிப்பு!"

"சரி. நான் மேஜருக்கு மர்மலேட் ஜாம் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாவச் சொல்றேன்."

சிரித்ததில் தேநீர் என் மூக்கில் ஏறியது. "அவளுக்கு ரெண்டே வரி வசனம்!"

"அதாங்க. ரெண்டு வரி பேசவா அவ்வளவு பெரிய நடிகையக் கூப்பிட்டாங்க?"

அடுத்த இடைவேளைக்குள் டாக்டர் செத்துப்போனார். கடைசியில் பக்கத்து வீட்டம்மா கையில் விலங்கு.

"நாவல்ல டாக்டர்தான்!" என்று கத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டேன். ஹெஸ்டர் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

காலையில் எதிர்வீட்டு ட்ரெவர் கடப்பாரையோடு வந்து நின்றான்.

"அதுக்குள்ள உனக்கு யாருப்பா சொன்னது? நேத்துதானே தோத்தேன்."

"நேத்தா? இன்னிக்கு வரணும்னு ஹெஸ்டர் அக்கா என்கிட்ட வியாழக்கிழமையே சொல்லிட்டாங்களே அண்ணே."

திரும்பினேன். ஹெஸ்டர் டோஸ்ட் தட்டோடு வாசலில் நின்றாள்.

"ஹெஸ்டர், அந்தப் புத்தகம்..."

"நான்தான் ஜன்னல்ல வெச்சேன். உள்ள அலமாரியில வெச்சா உங்க கண்ணுல எங்க படப்போகுது?"

"நீயும் படிச்சியா?"

"படிக்காம வெப்பேனா? அதுல டாக்டர்தான். அதனாலதான் டிவியில டாக்டரா இருக்க மாட்டார்னு தெரிஞ்சுது. கொலைகாரன மாத்தலேன்னா பழைய கதைய எதுக்குங்க மறுபடி எடுக்கணும்?"

நான் ட்ரெவரின் கடப்பாரையைப் பார்த்தேன்.

"டோஸ்ட் ஆறுது" என்றாள். "ட்ரெவருக்கும் ஒண்ணு குடுங்க. பாவம், இடிக்க வந்தவன்."

மத்தியானத்துக்குள் ஷெட் பலகைக் குவியலாகிவிட்டது. நாற்காலியும் ரேடியோவும் நானும் சமையலறைக்குக் குடிபெயர்ந்தோம்.

ஹெஸ்டர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. கண்ணாடி வீடு இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. எனக்குத் தக்காளி ஆகாது.