எனக்கு இரண்டு மனைவிகள் என்று எழுதியது பற்றி

தொமொஹோன்,
மழை விட்ட புதன்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய யோப்பி மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை டேச்சேயின் கணவன் ஃப்ரிட்ஸ் வோவிலிங் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவரின் இரக்கத்தால் நானும் மகள் மெய்ஸ்கேயும் பேரப்பிள்ளைகளும் சுகம். லோக்கோன் எரிமலை இந்த வாரம் வெறும் புகையோடு நிறுத்திக்கொண்டது. பாலிக்பாப்பானில் தங்கள் முழங்கால் வலி குறையவும், தங்கள் வீட்டு அக்காவின் கோழிகள் பெருகவும் தினமும் ஜெபிக்கிறேன். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. எடுத்த ஒரு தடவையும் மூச்சு சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. அதனால்தான் கடிதம். தபால்காரர் பாதியில் துண்டிக்க மாட்டார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு மனைவிகள் கிடையாது. போனவள் ஒருத்தி, வரப்போகிறவள் ஒருத்தி, கூட்டினால் இரண்டு என்று நான்தான் அவசரத்தில் கூட்டிவிட்டேன். வரப்போகிறவள் ஓல்கா சுமகுல். எங்கள் வீட்டிலிருந்து இரண்டாவது கேட்டு அவள் வீடு. அவள் கணவர் ஹெர்லி கப்பலில் சமையல்காரராக இருந்தவர், டேச்சேயின் அடக்கத்துக்கு வந்து கிழங்கு அவித்தவர், அதன்பிறகு காலமானார், தங்களுக்கும் ஞாபகம் இருக்கும். போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஓல்கா பூசணிக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். காய்ச்சல் போய்விட்டது, கஞ்சி நிற்கவில்லை. நானும், பயணிகளை ஏற்றி நீல வேன் ஓட்டிய காலத்தில்கூட இல்லாத தைரியத்தோடு ஒருநாள், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குச் சம்மதம்தான் ஃப்ரிட்ஸ். ஆனா ஒண்ணு கேக்கணும். நாளைக்கு மேல போனா அங்க ஹெர்லி நிப்பாரு. உங்களுக்காக டேச்சே நிப்பா. நான் யார் பக்கத்துல போயி நிக்கறது?"

மச்சான், அவளுக்கு மட்டுமல்ல, எனக்கே இதற்குப் பதில் தெரியவேண்டியிருந்தது. எங்கள் போதகர் அம்மாவிடம் கேட்டிருக்கலாம். நல்லவர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் பெயரை மட்டும் விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வைத்துவிடுவார். "நம் சபையில் வேன் ஓட்டிய ஒரு சகோதரர்" என்று ஆரம்பித்தால் போதும், ஆலயமே திரும்பி என்னைப் பார்க்கும். ஆகவே மெய்ஸ்கேயைப் பிடித்து, அவள் போனில் படிக்கும் வேத விசாரணைக் குழு ஒன்றில் என்னையும் சேர்க்கச் சொன்னேன். தாங்களும் அதில் இருக்கிறீர்கள் என்று அந்தப் பாவி மகள் சொல்லவே இல்லை. பெயர் தெரியாமல் கேட்கலாம் என்று நினைத்துப் பெயரை 'ஒரு விசுவாசி' என்று மாற்றினேன். படத்தை மாற்ற மறந்துவிட்டேன். படத்தில் நானும் டேச்சேயும் இருபத்தைந்தாம் ஆண்டு கேக்கை வெட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கீழே நான் எழுதியது: "எனக்கு இரண்டு மனைவிகள். பரலோகத்தில் யாரோடு இருப்பது?"

தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், உலகம் எரிந்துகொண்டிருக்கிறது. குப்பாங்கிலிருந்து ஒருவர், ஒருத்தியை உடனே அனுப்பிவிடு என்று எழுதியிருந்தார், எந்த ஒருத்தியை என்று சொல்லவில்லை. அம்போனிலிருந்து ஒருவர், பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டே, ஆளுக்கொரு வீடு கிடைக்கும், கவலை வேண்டாம் என்றார். யாக்கோபுக்கு எத்தனை மனைவிகள் என்று ஒருவர் கேட்க, அது அந்தக் காலம் என்று இன்னொருவர் பாய, மூலமொழியில் அந்தச் சொல்லே வேறு என்று மூன்றாமவர் வந்து ஒரு பக்கம் எழுதினார். அந்த மூலமொழி அவருக்கும் தெரியாது என்று நாலாமவர் நிரூபித்தார். என்னை, உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயன் என்றார்கள். நான் அந்தக் கட்சியில் எப்போதும் இருந்ததில்லை மச்சான். பிறகு என்னையே மறந்துவிட்டார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, முழுக்கா தெளிப்பா, ஓய்வுநாள் சனியா ஞாயிறா, பன்றி தின்னலாமா என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள். நடுவில் நான், "ஐயா, ஒருத்தி இறந்துவிட்டாள்" என்று விளக்கம் எழுதினேன். அதைப் படித்தவர், "எப்படி இறந்தாள்?" என்று சந்தேகத்தோடு கேட்டார்.

மெய்ஸ்கே வேலையிலிருந்து ஓடிவந்தாள். "பப்பா! என்ன எழுதி வச்சிருக்கீங்க? ஆபீஸ்ல எல்லாரும், உங்க அப்பாவுக்கு ரெண்டாமேன்னு கேக்கறாங்க!" என்றாள். "ஒண்ணு உங்கம்மாடீ" என்றேன். "அதை எழுதியிருக்கலாமே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் என் பெஞ்சில் நான் மட்டும்தான். முன்பெஞ்சுப் பெண்கள் திரும்பிப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஓல்காவின் கேட்டு சாத்திக் கிடந்தது. கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால் உள்ளேயிருந்தே, "அங்கேயே வச்சிட்டுப் போங்க, முதல் மனைவி காத்திருப்பாங்க" என்று குரல் வந்தது.

இதெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது தாங்கள் எழுதிய வரிதான். அத்தனை கூச்சலுக்கும் நடுவில், "அவள் என் தங்கை. அவளை இப்படிக் கூட்டிக் கழிக்காதே" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு வேன் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். நான் டேச்சேயைக் கழிக்கவில்லை மச்சான். ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண்ணைப் பற்றி ஆண்டவர் சொன்ன பதிலை யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள், அங்கே கொள்வினையும் கொடுப்பினையும் இல்லை, எல்லாரும் தூதர்களைப்போல இருப்பார்கள் என்று. மற்றவர்கள் அதற்கு ஆமென் போட்டார்கள். நான் மட்டும் போடவில்லை. தூதர்களைப்போல என்றால் டேச்சேக்கு என்னை அடையாளம் தெரியுமா? நான் வருவது தெரிந்து, எப்போதும்போல, "லேட்டு" என்று சொல்வாளா? நான் கேட்க நினைத்தது இதைத்தான். எழுத வரவில்லை.

அப்போதுதான் மௌமேரேயிலிருந்து ஒரு மீனவர், முன்பின் தெரியாத கத்தோலிக்கர், தனியாக எனக்கு எழுதினார்: "ஐயா, எல்லாரும் உங்களைத் திட்டுறாங்க. நீங்க கேட்டது எனக்குப் புரிஞ்சுது. என் மனைவி போன பிறகு ஒரு நல்ல பெண்ணை இதே பயத்துல வேண்டாம்னு சொன்னேன். அவங்க தனியாவே இருந்து தனியாவே போயிட்டாங்க. பதில் கிடைக்கட்டும்னு நீங்க காத்திருக்காதீங்க."

போனைத் தூக்கிக்கொண்டு நேரே ஓல்கா வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் வாழைப்பழம் வறுத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். படித்தாள். அடுப்பைத் தணித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"பாவம் மனுஷன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எதுக்குப் பயந்தீங்க?" என்றாள். டேச்சேக்கு என்னைத் தெரியாமல் போய்விடுமோ என்று சொன்னேன்.

"அட கடவுளே. கொள்வினை கொடுப்பினை இல்லைன்னா, மாப்பிள்ளை வீடு பொண்ணு வீடுன்னு முறுக்கிக்கிட்டு நிக்கறது இல்லைன்னு அர்த்தம். ஆளைத் தெரியாதுன்னா எழுதியிருக்கு? எங்க ஹெர்லிக்கு வாய் சும்மா இருக்குமா? இந்நேரம் உங்க டேச்சேக்கு மீனை வறுத்துக் குடுத்து ஊர்க்கதை பேசிக்கிட்டு இருப்பாரு. நாம போறப்போ நாலு நாற்காலி போட்டு வச்சிருப்பாங்க. ஒரே ஒரு நாற்காலின்னு நினைச்சுத்தான் நானும் பயந்தேன், நீங்களும் பயந்தீங்க. உக்காருங்க, பழம் ஆறுது."

இதையே அவளும் அந்தக் குழுவில் சேர்ந்து, தன் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு, என் கேள்விக்குக் கீழே எழுதிவிட்டாள். மூலமொழிக்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஆமென் விழ ஆரம்பித்தது. குப்பாங்காரர் போட்டார். முன்பெஞ்சுப் பெண்கள் போட்டார்கள். நேற்றுக் காலை அந்த வரிசையில் தங்கள் பெயரைப் பார்த்தேன். ஒரே ஒரு ஆமென், அதிலும் எழுத்துப்பிழை. மச்சான், தொந்தானோ இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பயணிகளோடு போனவன், கீழே சமதரையைக் கண்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு மூச்சு விட்டேன். மெய்ஸ்கே உள்ளே இருந்து, "என்ன பப்பா சத்தம்?" என்று ஓடிவந்தாள்.

ஆகவே தாங்களும் அக்காவும் அவசியம் வரவேண்டும். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, எங்கள் ஆலயத்தில் திருமணம். ஓல்கா வெள்ளை உடுத்த மாட்டாள், நீலம்தான். மதியச் சாப்பாட்டுக்கு மூங்கிலில் சுட்ட பன்றி, முழுதாக ஒன்று சொல்லி வைத்தாகிவிட்டது. தாங்கள் டேச்சேயின் அண்ணனாகவே வந்து முதல் வரிசையில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடமாட்டேன். குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன், இனி எந்த விசாரணையும் இல்லை. எல்லாம் முடிவாகிவிட்டது, மனசுக்கு ஒரு பாரமும் இல்லை.

தங்கள் முழங்காலுக்கும் இல்லத்துக்கும் கர்த்தர் சமாதானம் அருளட்டும். அக்காவுக்கு என் வணக்கம், கோழிகளுக்கு ஆசீர்வாதம்.

என்றும் தங்கள் தங்கையின் கணவன்,
ஃப்ரிட்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஓல்கா வந்தாள். அந்தக் குழுவில் என் கேள்விக்குக் கீழே நடந்த சண்டை முழுவதையும் அவள் உட்கார்ந்து படித்திருக்கிறாள். "சனிக்கிழமைதான் ஓய்வுநாள்னு ஒருத்தர் எழுதியிருந்தாரே, வேதத்தை எடுத்து வச்சுப் பார்த்தேன். அவர் சொல்றதுல ஞாயம் இருக்கு ஃப்ரிட்ஸ்" என்றாள். ஆகவே சனிக்கிழமை கல்யாணம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை. பன்றியும் கூடாது, மீன். ஆலயமும் இதுவா அதுவா என்று யோசித்துச் சொல்கிறாளாம். எனவே மேலே எழுதிய நாள், இடம், சாப்பாடு மூன்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். மணப்பெண் மட்டும் அவளேதான்.