ஆல்ட்டோ அண்ணனும் நகராத ‘ப’வும்

பாட்டின் முதல் குரலைக் கேட்டு உருகியவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். இரண்டாவது குரலுக்கு அநியாயம் நடக்கிறது என்று மொபெட்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்து சண்டை போட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஆல்ட்டோ அண்ணன்தான். ஆல்ட்டோ என்றதும் வாசலில் கார் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னேனே, மொபெட். அதிலும் ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும்.

நாலு குரலில் ஒரு பாட்டை எழுதினால் உச்சியில் பெண்களின் சோப்ரானோ, அதற்குக் கீழே தணிந்த பெண் குரலான ஆல்ட்டோ, பிறகு ஆண்களில் டெனர், அடியில் பேஸ். இந்த நால்வரில் ஆல்ட்டோ ஒன்றுதான் அண்ணனுக்குச் சொந்தம். மற்ற மூவரும் சொத்தை அபகரித்த பங்காளிகள். பட்டப்பெயர் அப்படி வந்தது. நிஜப் பெயர் எனக்குத் தெரிய ஆறு மாதம் ஆனது. தெரிந்த பிறகும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

நான் அப்போது ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு கீபோர்டு. இரண்டு விரலால் அதைத் தட்டியே சினிமாவுக்கு இசையமைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. “நீங்க வாசிக்கிறது எது, காலிங் பெல் எதுன்னு தெரியாம ரெண்டு தடவ கதவத் தொறந்துட்டேன்” என்று என் மனைவி சொன்ன மறுநாள், நாலு குரலில் பாட்டு எழுதச் சொல்லித்தரும் மதாமின் ஹார்மனி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

மதாம் பிரான்சில் முப்பது வருஷம் பியானோ சொல்லிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர். சனிக்கிழமை மதியம், மாடி அறையில் வகுப்பு. மாணவர்கள் நாலு பேர்: இரண்டு கல்லூரிப் பெண்கள், நான், பிறகு சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கும் அண்ணன். நாளெல்லாம் பாட்டில் மூடியைத் திருகித் திருகிப் பார்ப்பது அவர் உத்தியோகம். நாற்பத்தைந்து வயதில், யூனிஃபார்ம் சட்டையோடு, கையில் ஒரு ஸ்கேலோடு வந்து முதல் பெஞ்சில் உட்காருவார்.

ஹார்மனி படித்தவர்களுக்குத் தெரியும், அதில் சங்கீதத்தை விடச் சட்டம் அதிகம். ‘நி’ வந்தால் அடுத்து மேல் ‘ஸ’வுக்குப் போயாக வேண்டும். இரண்டு குரல்கள் ஐந்து சுர இடைவெளியில் ஒரே பக்கம் சேர்ந்து நகரவே கூடாது. அதுதான் மகா பாவம். மதாம் அதைப் பிரெஞ்சில் ‘கேன்த் பரலெல்’ என்பார். என் நோட்டில் ஒரு பக்கத்தில் ஏழு கண்டுபிடித்தார்.

“ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டே நடந்தா எனக்கு எதுக்குப்பா ரெண்டு குரல்? ஒண்ணு போதுமே!” என்று சிவப்பு மையால் வட்டம் போடுவார்.

அண்ணனுக்கு அந்தச் சட்டத்தில் தகராறு இல்லை. அவர் தகராறு வேறொன்றில். அடுத்தடுத்த இரண்டு கார்டுகளுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளுக்கு, பொதுவாக ஒரு சுரம் இருந்தால், அது எந்தக் குரலில் இருக்கிறதோ அங்கேயே அசையாமல் இருக்கட்டும் என்பது விதி. ஸ-க-ப ஒரு கார்டு, ப-நி-ரி அடுத்தது என்றால், ‘ப’ இரண்டிலும் இருக்கிறது, அது நிற்கும். பத்துக்கு எட்டுத் தடவை அப்படி நிற்கிற பாவப்பட்ட ஜென்மம் ஆல்ட்டோதான்.

“மதாம், எங்க லைன்ல நாலு பேரு வேல செய்யறோம். மூணு பேரு ஓடிக்கிட்டு இருக்க, ஒருத்தர மட்டும் கல்லு மாதிரி நிக்க வெச்சா சூப்பர்வைசர் கேக்க மாட்டாரா?”

“நிக்கறதும் வேலதான்.”

“அப்ப சோப்ரானோவ நிக்கச் சொல்லுங்க பாக்கலாம்!”

மதாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதில் இல்லாதபோது அவர் செய்கிற காரியம் அது.

அண்ணன் வீட்டுப்பாடம் எழுதினால் ஆல்ட்டோ மாடிப்படி ஏறும், இறங்கும், பக்கத்து வீட்டுக்குப் போய் வரும். சில சமயம் சோப்ரானோவின் தலைக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். மற்ற மூன்று குரல்களும் அது வீடு திரும்பும் வரை வாசலில் காத்திருக்கும். மதாமின் சிவப்புப் பேனா அவர் ஒருவருக்காகவே மாதம் இரண்டு தீர்ந்தது என்பது என் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் எல்லோரையும் நோணாங்குப்பத்துக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றினார். காற்று வாங்க என்று நினைத்தோம். படகு மோட்டாரின் ரீங்காரம்தான் பேஸ், அதன் மேல் நாங்கள் மூன்று குரல் போட வேண்டுமாம். ஒரு கல்லூரிப் பெண் சோப்ரானோ, இன்னொருத்தி ஆல்ட்டோ, நான் டெனர். மூன்றாவது கார்டில் படகோட்டி வேகத்தைக் கூட்டிவிட்டார்.

“யோவ், பேஸ் ஏறுதுய்யா! கொஞ்சம் எறக்கு!”

“எறக்குனா அலையில அடிச்சிக்கினு போயிடும் சார்.”

“போவட்டும்யா, கார்டு முடியட்டும்!”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளியூர்க் குடும்பம் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டது. நான் வாழ்க்கையில் மாதாவை மனதார வேண்டிக்கொண்ட தருணங்களில் அதுவும் ஒன்று.

இந்த மனிதருக்கு ஆல்ட்டோ மேல் ஏன் இத்தனை வெறி என்று எனக்குப் புரிந்தது, நோட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போன அன்றுதான். அவர் மனைவி பிலோமினா அக்கா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். வார்த்தைகள் இருந்தன, மெட்டைத்தான் காணோம். ஒரே சுரம், நேர்கோடு. எப்போதாவது ஒரு படி இறங்கி, பயந்துபோனது மாதிரி மறுபடி பழைய இடத்துக்கு வந்தது.

“என்னா பாட்டுக்கா அது?” என்று மரியாதைக்குக் கேட்டேன்.

பத்தாவது படிக்கும் மகள் களுக்கென்று சிரித்தாள். “அம்மாக்குப் பாட வராது அங்கிள். எந்தப் பாட்டுன்னாலும் இப்பிடித்தான்.”

“மாதா பாட்டுதாங்க. கோயில் கொயர்ல ஆல்ட்டோவுக்கு இதான் பாகம்” என்றார் அக்கா. சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு பாடவில்லை.

தெருமுனை வரை வந்து வழியனுப்பும்போது அண்ணன் சொன்னார்: “பதினெட்டு வருஷமா ரெண்டாவது வரிசையில நிக்குது சார். அது கொரலு எவ்ளோ நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியும். பெத்த பொண்ணே பாட வராதுன்னு சொல்லுது. ஒரே ஒரு பாட்டு. அதுல ஒரு மெட்டு. நான் எழுதிக் குடுத்துட்டேன்னா போதும்.”

அதுவரை நான் அவரை ஒரு நல்ல வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவர்கள் கோயில் திருவிழாவுக்கு அப்போது இரண்டு மாதம். மாதா பாட்டை அண்ணன் புதிதாக நாலு குரலில் எழுதித் தரலாம், ஆனால் மதாம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பாடுவோம் என்று கொயர் மாஸ்டர் சொல்லிவிட்டார். விவரமான ஆள்.

பதினொரு முறை எழுதினார் அண்ணன். பதினொரு முறையும் மதாம் “நோன்” என்று மறுத்தார். ஒன்றில் ஆல்ட்டோ மூச்சு விட இடமே இல்லை. இன்னொன்றில் டெனருக்கு இரண்டே சுரம். “இது பழி வாங்குறது, பாட்டு இல்ல” என்றார் மதாம். நான் டெனர் என்பதால் அதை முழு மனதோடு ஆமோதித்தேன்.

பன்னிரண்டாவதை அண்ணன் கொண்டுவந்தபோது திருவிழாவுக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைதான் இருந்தது. மதாம் பியானோவில் வாசித்தார். நன்றாகவே இருந்தது. ஆல்ட்டோவுக்கு அளவான, அழகான ஒரு மெட்டு. சோப்ரானோ மரியாதையாக ஒரே இடத்தில் நின்றது. மூன்றாவது வரியில் மதாமின் கை நின்றது.

“கேன்த் பரலெல். ஒண்ணு இல்ல, ரெண்டு.”

“தெரியும் மதாம்.”

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டில் மூடியில் மயிரிழை பிசகினாலும் தூக்கி எறிகிறவர், தெரிந்தே தப்பு வைத்திருக்கிறார்.

“ஆல்ட்டோவ ‘ப’வுலயே நிறுத்திட்டா சரியாப் போயிடும்.”

“அத மட்டும் சொல்லாதீங்க.”

“சரி, பேஸ மாத்து.”

அண்ணன் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேஸ் யாருப்பா பாடுறது?”

“நான்தாங்க மதாம்.”

மதாம் அந்த வரியை மறுபடி பார்த்தார். அடியில் அவர் பேஸ், மேலே அக்காவின் ஆல்ட்டோ. ஐந்து சுர இடைவெளியில், ஒரே பக்கமாக, மூன்று அடி சேர்ந்து போகின்றன. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து அந்த இரண்டு இடத்திலும் அழுத்தமாக வட்டம் போட்டு, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டார்.

“தப்பு தப்புதான். நடக்கட்டும்.”

திருவிழா அன்று காலைப் பூசை. ஆள் பற்றாக்குறையால் என்னையும் டெனரில் நிறுத்தியிருந்தார்கள். ஒரே சுரத்தில் நிற்க வைத்த கோபத்தில் சோப்ரானோ அம்மாக்கள் பூ வைத்த தலையை எங்கள் பக்கம் திருப்பவே இல்லை. பாட்டு தொடங்கியது. ஆல்ட்டோவில் நின்ற ஒரே ஆளான பிலோமினா அக்கா வாய் திறந்தார். ‘ப’.

அடுத்த கார்டு. ‘ப’. அதற்கடுத்தது. ‘ப’!

பதினெட்டு வருஷப் பழக்கம். ஒத்திகையில் ஒழுங்காகப் பாடியவர், கோயில் நிறையக் கூட்டத்தைப் பார்த்ததும் பழைய இடத்திலேயே போய் நின்றுவிட்டார். சோப்ரானோவும் நகரவில்லை, ஆல்ட்டோவும் நகரவில்லை. ஆக, மாதா பாட்டின் முதல் சரணத்துக்கு மெட்டு என்று பார்த்தால் என் டெனர்தான். அதை மாதா மன்னித்திருப்பார் என்று நம்புகிறேன்.

இரண்டாவது சரணம் தொடங்கும்போது அண்ணன் ஒரு காரியம் செய்தார். பேஸை அப்படியே விட்டுவிட்டு, தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்து, ஆல்ட்டோவின் மெட்டைத் தன் கட்டைக் குரலில் பாட ஆரம்பித்தார். கொயர் மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்துக் கையை ஆட்டினார். அண்ணன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அக்கா ஒரு சுரம் ஏறினார். இன்னொன்று. பிறகு குரல் திறந்துகொண்டது. அப்படியொரு குரலை இத்தனை வருஷம் ஒரே இடத்தில் கட்டிப்போட்டிருந்தார்களே என்று எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. மூன்றாவது வரிக்குச் சரியாக அண்ணன் தன் பேஸுக்கு இறங்கினார். இருவரும் சேர்ந்து அந்த மூன்று அடியையும் நடந்தார்கள். நாலாவது பெஞ்சில் மதாம், அந்த இரண்டு தப்புக்கும் கணக்காக, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடி அவர் கையில் இருந்தது.

அந்த வருஷம் ஹார்மனிப் பரீட்சையில் அண்ணன் ஃபெயில். ஆல்ட்டோவை நிற்க வைக்கச் சொன்ன கேள்வியை எழுதாமலே விட்டுவிட்டாராம். நான் தட்டுத்தடுமாறிப் பாஸ். நான் எழுதிய நாலு குரலை இன்றுவரை யாரும் பாடியதில்லை.

போன மாதம் அவர் வீட்டுப் பக்கம் போனேன். வாசலிலேயே அண்ணன் உதட்டில் விரலை வைத்து என்னைத் தடுத்தார். உள்ளே மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். மாதா பாட்டு. ஊரே பாடுகிற மெட்டு அல்ல, அவள் அம்மாவின் மெட்டு.

“பேசாதீங்க சார். நம்ம சத்தம் கேட்டா நிறுத்திடும்” என்றார் காதோடு.

செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்த மனிதரின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பாட்டு முடியும் வரை வாசலிலேயே நின்றேன்.