பனியில் வைத்த நாற்காலிகள்

அன்புத் தங்கை டனூட்டாவுக்கு, சிகாகோவிலிருந்து அண்ணன் செனோன் எழுதுவது. நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்றுவிட்டுப் பனி விட்டதும் போலந்துக்கே வந்துவிடுகிறேன், மாடி அறையை ஒழித்து வை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. இடுப்பொடியப் பனியை அள்ளிக் கார் நிறுத்த இடம் செய்தவன், காரை எடுக்கும்போது அங்கே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டால் அது அவன் இடம், எவனும் தொடமாட்டான். நானும் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு மருந்து வாங்கப் போனேன். திரும்பினால் இடம் இருக்கிறது, நாற்காலி இல்லை. எதிர்வீட்டுக்கு வெனிசுவேலாவிலிருந்து புதிதாக வந்திருக்கிறார்கள், வில்மெர், அவன் மனைவி யாமிலெத், அவளுடைய அம்மா. பனியையே இப்போதுதான் பார்க்கிறவர்கள். தெருவில் வைத்த சாமானை வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் யாரோ புண்ணியவான் சொல்லிக்கொடுத்திருக்கிறான். வில்மெர் சூடாகச் சோள ரொட்டி கொண்டுவந்து நீட்டினான். "தாத்தா, நாற்காலி ரொம்ப நல்லாருக்கு. எங்க வீட்ல உக்கார ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு." எங்கள் இருவரின் ஆங்கிலத்தையும் கூட்டினாலும் கொடுக்காத நாற்காலியைத் திருப்பிக் கேட்கப் போதாது, அதிலும் வாயில் ரொட்டி. விடுவேனா, மறுநாள் இரண்டாவதைப் போட்டேன், கறுப்பு பீன்ஸ் வந்தது. மூன்றாவதைக் கால் புதையப் பனியில் நட்டேன், வில்மெர் மண்வெட்டியோடு வந்து பத்திரமாகத் தோண்டி எடுத்துக்கொண்டான். "செட்டாவே குடுக்கறீங்களே தாத்தா, இந்த மனசு யாருக்கு வரும்?"

மிச்சம் இருப்பது உன் அண்ணி யாத்விகாவின் நாற்காலி. அதைத் தெருவில் வைப்பேனா? அவள் கண்ணை மூடியபின் அதில் உட்காரவும் மனம் வரவில்லை, அதனால் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன். இடம் பிடிக்க நாற்காலி இல்லாததால் கார் மூன்று தெரு தள்ளி நிற்கிறது. நடக்கையில் வழுக்கி விழுந்து இடுப்பு கறுத்துவிட்டது, தைலம் தேய்த்துவிட ஆளில்லை.

இன்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். எதிர்பாராத விருந்தாளிக்கென்று ஒரு தட்டும் காலி நாற்காலியும் போடுவோமே, இத்தனை வருடத்தில் ஒருவரும் வந்ததில்லை. இன்று அதற்கும் யாத்விகாவின் நாற்காலிதான். இன்னொரு பனிக்காலம் தனியாக என்னால் முடியாது, டனூட்டா.

உன் வீட்டில் எல்லோருக்கும், பூனை உட்பட, என் ஆசிகள்.

அண்ணன்,
செனோன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கதவு தட்டும் சத்தம். மூன்று பேரும் ஆளுக்கொரு நாற்காலியோடு நிற்கிறார்கள். "நீங்க நின்னுக்கிட்டே சாப்பிடறத ஜன்னல்ல பாத்து அம்மா அழுதுட்டாங்க தாத்தா" என்றாள் யாமிலெத். அந்த அம்மாள் கேட்காமல் கொள்ளாமல் யாத்விகாவின் நாற்காலியில் உட்கார்ந்து பீட்ரூட் சூப்பை இரண்டு முறை வாங்கிக் குடித்தாள். வெகுநாளைக்குப் பிறகு நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். போகும்போது மூன்று நாற்காலியையும் மறக்காமல் தூக்கிக்கொண்டார்கள். "நாளைக்கு எங்க வீட்ல சாப்பாடு. உங்க நாற்காலிய நீங்க எடுத்துட்டு வந்துருங்க" என்றான் வில்மெர். மாடி அறையை ஒழிக்க வேண்டாம். யாத்விகாவின் நாற்காலியைத் துடைத்துக் கதவருகே வைத்திருக்கிறேன், உள்பக்கமாகத்தான்.