யாருக்கும் மசியாத வண்டி

இனிமேல் இந்த வண்டியில் எந்த மெக்கானிக்கின் சுண்டுவிரலும் படக் கூடாது என்று மேற்பார்வையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். சபதத்தைக் கேட்க அப்போது வீட்டில் மனைவியைத் தவிர வேறு ஆளில்லை. அவள் காய் நறுக்கிக்கொண்டே, "ரொம்ப நல்லதுங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுலபமாக அவளிடமிருந்து ஒரு 'நல்லதுங்க' வந்ததே இல்லை. அப்போதே மனுஷன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் ரிப்பேர் பிரிவுக்கு மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருஷமாக, பிறர் ஸ்பானர் பிடிப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்ப்பதுதான் உத்தியோகம். பார்த்துப் பார்த்தே தொழில் தனக்கும் கைவந்துவிட்டது என்பது அவருடைய நினைப்பு.

வண்டிக்கு வயது பதினெட்டு. "ஓட்டுப் போடுற வயசு வந்துருச்சு, ஓட்டத்தான் முடியாது" என்பார் எதிர்வீட்டு டிரைவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. வண்டியை ஓட்ட முடியும். ஆனால் மேற்பார்வையாளர் ஒருவரால்தான் முடியும். வெளியிலிருந்து கதவு திறக்காது. ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து உள்ளேயிருந்து திறக்க வேண்டும். சாவியைப் பாதி திருப்பி, மூன்று எண்ணி, ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்து, அப்புறம் மீதியைத் திருப்ப வேண்டும். இரண்டாம் கியர் விழ, கம்பியைக் கீழே அமுக்கி முழங்காலால் ஒரு தட்டு தட்ட வேண்டும். டிரைவர் சீட் அவருடைய நீளக் காலுக்குத் தோதாகப் பின்னாலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது.

இதையெல்லாம் அவர் குறையாக நினைத்ததே இல்லை. டிவி ரிமோட் மகளிடம், பீரோ சாவி மனைவியிடம், ஜன்னலோர நாற்காலி பூனையிடம். அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே இடம் அந்த டிரைவர் சீட்தான். அதில் உட்கார்ந்து மூன்று எண்ணும்போது அவருக்கு வரும் பெருமிதம், சம்பளம் வரும் நாளில்கூட வராது.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். அவருடைய அலுவலகம் பத்து மணிக்கு. நடந்தால் கால்மணி நேரம். அவர் காரில் போவார்.

"என்னை ஒரு நாளாவது கொண்டுபோய் விடக் கூடாதா?"

"ஏழு மணிக்கு இன்ஜின் முழிக்காதும்மா."

"இன்ஜினா, நீங்களா?"

அவர் காதில் வாங்கவில்லை.

"அப்ப நானே ஓட்டக் கத்துக்கட்டுமா?"

"தாராளமா கத்துக்கோ. ஆனா இந்த வண்டி உனக்கு மசியாது."

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது.

சபதத்துக்கு வருவோம். அதற்கு முந்தின நாள் அவள்தான், "எதிர்வீட்டு அண்ணன் சொன்னாருங்க, நம்ம பிரேக்குல காத்து ஏறியிருக்காம். வேலை தெரிஞ்ச ஆள்கிட்ட விடணுமாம்" என்று பேச்சுவாக்கில் போட்டுவிட்டுப் போனாள். வேலை தெரிஞ்ச ஆளா? அப்போ நான் யார்? மூக்குக்குமேல் கோபம் வந்தது. விடிந்ததும் சபதம்.

மூன்று வீடியோ பார்த்தார். ஒரு குழாய், ஒரு பாட்டில், ஒரு ஸ்பானரோடு சக்கரத்தருகே மல்லாந்தார். பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே நட்டைத் திறக்க, ஒருவர் மேலே பெடலை மிதிக்க.

"உள்ள உக்காரு. நான் சொல்றப்ப பிரேக்கை மிதி."

"எட்டலைங்க."

"எட்டிப் புடிச்சு மிதி!"

"எட்டிப் புடிச்சா தலை டாஷ்போர்டுக்குக் கீழ போயிடுது. மிதிக்கிறதா, தேடுறதா?"

வெளியே வந்து பார்த்தார். உண்மைதான். அவளுடைய கால் பெடலுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அன்று முழுக்கப் பிரேக்கை விட்டுவிட்டு சீட் நகரும் தண்டவாளத்தோடு மல்லுக்கு நின்றார். அரை புட்டி எண்ணெய், ஒரு சுத்தியல், பல கெட்ட வார்த்தைகள். சாயங்காலம் 'கிர்ர்' என்று சீட் முன்னால் நகர்ந்தது.

"இப்ப எட்டுதா?"

"ஜம்முனு எட்டுதுங்க. உங்க கைக்கு இருக்கிற ராசியே ராசி."

அடுத்த ஞாயிறு பிரேக் வேலை. மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. நடுவில் அவர் குழாயை மாட்டாமலே 'மிதி' என்றதில் எண்ணெய் பீய்ச்சி மீசையை நனைத்தது. மற்றபடி வேலை சுத்தம். அதற்கு அடுத்த ஞாயிறு கிளட்ச். ஒத்தாசைக்கு உட்கார்ந்தவள், "கிளட்சு கல்லா இருக்குதுங்க, கால் மரத்துப்போச்சு" என்றாள். பொண்டாட்டி கால் வலிக்கு மனம் இளகி, புதுக் கேபிள் மாட்டினார். வெண்ணெயாக இறங்கியது.

அவளும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பரிசோதனை நிலையத்துப் பழக்கம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ரத்த மாதிரி எடுக்கும் குட்டி டப்பாவில் போட்டு, 'இடது, மேல், இரண்டாவது' என்று எழுதி ஒட்டினாள். அந்த டப்பாக்கள் மட்டும் இல்லையென்றால் வண்டியில் பாதி இன்னும் தரையில்தான் கிடக்கும். பாராட்டு மட்டும் மேற்பார்வையாளருக்கு.

"ரெண்டாவது கியர் போடு, கிளட்ச் எப்படிப் பிடிக்குதுன்னு பாக்கணும்."

"விழலைங்க."

"அது உனக்கு விழாது. என் முழங்கால் வேணும்."

"அண்ணனும் அதேதாங்க சொன்னாரு. கியர் வேலையெல்லாம் அவரால ஆகாது, விட்டுடச் சொல்லுன்னாரு."

"யாரு, அந்த பஸ்காரரா?"

"நான் உங்களை விட்டுக்குடுக்கலை. எங்க வீட்டுக்காரர் நினைச்சா முடிப்பாருன்னு சொல்லிட்டு வந்தேன். நீங்க சிரமப்படாதீங்க."

சிரமப்பட்டார். கம்பிக்கடியில் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் வளையம் ஒன்று தேய்ந்து கிடந்தது. புதுசு மாட்டியதும் இரண்டாம் கியர் தானாகப் போய் விழுந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் அதே வாரம் கதவுப் பூட்டையும் பிரித்து மேய்ந்தார். பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டி, வயரை இறுக்கினார். இனி மூன்று எண்ண வேண்டாம். அவருடைய பிறந்தநாளுக்கு மனைவி ஒரு ரிவர்ஸ் கேமரா பரிசளித்தாள். "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம், ஒரு அழகுக்குத்தான்." அவர் உருகிப்போய் அன்றைக்கே மாட்டினார்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால். வீட்டு உடையிலேயே வாசலுக்கு வந்து, எதிர்வீட்டு டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, கியர் வேலை என்னால ஆகாதுன்னீங்களாமே? வந்து பாருங்க, வழுக்கிட்டு விழுது!"

"நானா சொன்னேன்? தம்பி, உன் வண்டி ரிப்பேரப் பத்தி நான் யார்கிட்டயும் பேசலையே."

"எங்க வீட்டுல சொன்னீங்களாமே?"

"தங்கச்சிகிட்டயா? அது கேட்டதெல்லாம் வேற. சந்துல ரிவர்ஸ் எடுக்குறது எப்படி, மேட்டுல நிறுத்தி எடுக்குறது எப்படி. நல்ல புத்திசாலிப் பொண்ணு, டக்குனு புடிச்சுக்கிச்சு."

மேற்பார்வையாளர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. ஒரே திருப்பில், முதல் தடவையிலேயே. திரும்பிப் பார்த்தார். டிரைவர் சீட்டில் மனைவி. சீட் முன்னால் இருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடி அவள் உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"ஏய், இறங்கு! லைசென்ஸ் இல்லாம..."

ஜன்னல் வழியாக ஒரு அட்டை நீண்டது. அவள் படம்தான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டிரைவிங் ஸ்கூல் போய் வாங்கி அஞ்சு மாசம் ஆச்சுங்க. இதுவரைக்கும் வண்டிதான் தயாரா இல்லை."

அவர் காரணம் தேடினார். கதவு? திறக்கிறது. கியர்? விழுகிறது. கிளட்ச்? வெண்ணெய். பின்னால் பார்க்க முடியாது என்று சொல்லலாமா? கேமரா. தன் கையாலேயே தன் சீட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கூடவே, பதினெட்டு வயது வண்டி இவ்வளவு அழகாக முணுமுணுப்பதைக் கேட்டுக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தச் சத்தம் அவர் செய்ததுதானே?

"நானும் கூட வர்றேன். நடுவழியில ஏதாவது ஆயிட்டா..."

"ஏறுங்க. திரும்பி வர பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்துக்கோங்க. வண்டி சாயங்காலம் வரைக்கும் அங்கதான் நிக்கும்."

ஏறினார். அவள் கேமராவைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்த லாவகத்துக்கு எதிர்வீட்டு டிரைவர் கைதட்டினார். முதலாம் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். எங்கும் ஒரு உலுக்கல் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, பக்கத்து சீட்டிலிருந்து மேற்பார்வையாளர் தெருவைப் பார்த்தார். இந்தத் தெருவில் இவ்வளவு மரங்களா? காற்று முகத்தில் அடித்தது. இதுவும் சுகமாகத்தான் இருக்கிறது என்று சாய்ந்தார். சாய்ந்தவர் துள்ளி எழுந்தார்.

"என்னடி இது, முதுகுல இப்படிக் குத்துது?"

"ஸ்பிரிங்குங்க. துணி கிழிஞ்சு வெளிய வந்துருச்சு."

"எப்ப இருந்து?"

"பதினோரு வருஷமா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேனே!"

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"சொன்னேங்க. சும்மா உக்காந்து வர்றவங்களுக்கு இதெல்லாம் ஒரு குறையான்னீங்க."