டைம்கீப்பருக்குப் பிடித்த டைரக்டர்

மதுரை ஜில்லாவிலேயே அவசரமான மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்தான் ஜெயித்திருப்பார். ஆனால் பரிசு வாங்க நின்றிருக்க மாட்டார்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த லாட்ஜில் மாத வாடகைக்குத் தங்கியிருந்தேன். அடுத்த அறை அவருடையது. தனியார் பஸ்களை நிமிஷக் கணக்குப் பார்த்துக் கிளப்பி விடுவதுதான் அவர் வேலை. ஒரு வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றாலும், வாயிலிருக்கும் விசில் அலறும். டிரைவர் வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பக்கூட அவகாசம் கிடைக்காது. அந்த மனிதர் நடந்துகொண்டே பல் விளக்குவார், நின்றுகொண்டே இட்லி சாப்பிடுவார். அடுத்தவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தை முடித்து வைப்பதும் அவரே. முதல் நாள் நான், "என் பேரு ராம..." என்றேன்.

"ராமசாமி. நல்ல பேரு. வாரேன்" என்று போய்விட்டார்.

என் பெயர் ராமலிங்கம். மூன்று வருஷம் நான் ராமசாமியாகத்தான் அந்த லாட்ஜில் வாழ்ந்தேன்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிடித்த ஒரே சினிமா டைரக்டர் யார் தெரியுமா? பெயர் வேண்டாம். அவரைக் கொண்டாடியவர்களும் திட்டியவர்களும் இன்னும் நல்ல தெம்போடு இருக்கிறார்கள். அந்த டைரக்டரின் படத்தில் ஒருவன் பாயிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பான். அதற்குள் இடைவேளை வந்துவிடும். பாதிப் பேர் காவியம் என்றார்கள், மீதிப் பேர் கொட்டாவி என்றார்கள்.

அவருடைய புதுப் படம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு டைம்கீப்பர் என்னை இழுத்துக்கொண்டு போனார். படத்தில் ஒரு காட்சி. புருஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரே பெண்டாட்டி அரிசி புடைக்கிறாள். இரண்டு பேரும் பேசவில்லை. இசையும் இல்லை. முறத்தின் சத்தம் மட்டும்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அண்ணே, மிஷின்ல ஏதும் கோளாறா?"

"பேசாத தம்பி. அவ சொல்லப் போறா."

அவள் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என்னண்ணே, ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லிட்டாளேப்பா!" என்றார். திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்தால் ஓயாமல் ஆடும் அவருடைய கால், அசையாமல் கிடந்தது.

இந்தப் படத்தை ஒழித்துக்கட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டவர், பஸ் ஸ்டாண்டு எதிரிலிருந்த கடையின் பரோட்டா மாஸ்டர். சண்டைப் படம் தவிர வேறெதையும் படமென்று ஒப்புக்கொள்ளாதவர். சாயங்காலமானால் இருவருக்கும் விவாதம் தொடங்கும். மாஸ்டர் ஒவ்வொரு வாதத்தையும் சொல்லி மாவைக் கல்லில் ஓங்கி அடிப்பார். அவருக்கு ஆத்திரம் வரும் நாட்களில் பரோட்டா பூப்போல இருக்கும் என்பதால், நாங்களே இருவரையும் கிளப்பிவிடுவதுண்டு.

"அண்ணே, நான் மாவு பிசைஞ்சு, வீசி, சுட்டு, அதை நாலு பேரு தின்னுட்டுக் கையும் கழுவிட்டாய்ங்க. உங்க ஆளு இன்னும் கதவைத் திறந்து முடிக்கல!"

"அது கதவில்ல மாப்ள, மனசு."

"அப்ப அந்த மனசுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடச் சொல்லுங்க!"

இரண்டாவது வாரத்தில் தியேட்டரில் கூட்டம் குறைந்தது. டைம்கீப்பர் ஏழாவது தடவையாகப் படம் பார்க்கப் போனார், நானும் போனேன். புருஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மறு நொடியே பெண்டாட்டி முறத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு விசில்! தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் பஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படம் நின்றது. விளக்கு எரிந்தது. மேனேஜர் ஓடி வந்தார்.

"நாலு நிமிஷத்தைக் காணோம்" என்றார் டைம்கீப்பர்.

"எந்த நாலு நிமிஷம்?"

"அவங்க ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்கிற நாலு நிமிஷம்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "படத்துல ஒண்ணுமே நடக்கலைன்னு சண்டைக்கு வருவாங்க. நடக்காததைக் காணோம்னு சண்டைக்கு வந்த முத ஆளு நீங்கதான்யா!"

ஆனாலும் அவர் நல்ல மனிதர். வெட்டி வைத்த துண்டை மறுநாளே ஒட்டிவிட்டார்.

இந்த வெற்றியை டைம்கீப்பர் பரோட்டாக் கடையில் வந்து விவரித்தபோதுதான் விபரீதம் நடந்தது. "அவ வாயத் தொறக்க மாட்டாளான்னு அவன் காத்திருக்கான் பாரு, அதுக்கு ஒரு பொறுமை வேணும் மாப்ள" என்றார். மாஸ்டர் மாவை ஓங்கி அடித்து, "இம்புட்டுப் பொறுமை இருக்கிற ஆளு, சொந்தப் பொண்டாட்டி பேசுறதை ஒரு நா முழுசாக் கேட்டிருக்கலாம்ல!" என்று சொல்லிவிட்டார்.

டைம்கீப்பரின் மனைவி எட்டு மாதத்துக்கு முன்பே பேரையூரில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார், அதன் பிறகுதான் அவர் லாட்ஜுக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"வாய் தவறிருச்சுண்ணே" என்றார் மாஸ்டர்.

டைம்கீப்பர் எழுந்து போனார். ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை. பரோட்டாவும் ரப்பராகிவிட்டது. அடுத்த ஞாயிறு காலையில் என் அறைக் கதவைத் தட்டினார். "தம்பி, பேரையூர் போறேன். கூட வாரியா? தனியாப் போனா வாசலோட திரும்பிருவேன்."

திருமங்கலத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அவர் மனைவி, எனக்கு மதினி முறை, வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. டைம்கீப்பர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன். கால் மணி நேரம் கடலை உடைபடும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு மதினி பேசத் தொடங்கினார். பாதியில் டைம்கீப்பரின் வாய் வழக்கம்போலத் திறந்தது. சட்டென்று ஒரு கடலையை எடுத்து அதில் போட்டுக்கொண்டார். மறுபடி திறந்தது, மறுபடி கடலை. இப்படியே பேச்சு போகப் போகக் கடலை குறைந்துகொண்டே வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது மதினி சொன்னார்: "அன்னைக்கு மயக்கமா வருதுன்னு ஆரம்பிச்சேன். மாத்திரை போடுன்னுட்டு ஓடிட்டீக. மாசமா இருக்கேன்னு சொல்லத்தான் வந்தேன். சாயங்காலம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மூணாம் நாளு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு."

டைம்கீப்பரின் கையிலிருந்த கடலை வாய்க்குப் போகவில்லை. நான் கிணற்றுப் பக்கம் நடந்துவிட்டேன். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார். மதினி என்னிடம், "கையக் கழுவிட்டு வாங்க தம்பி, சோறு ஆறுது" என்றார்.

மாசி பிறந்ததும் மதினி மதுரைக்கு வந்துவிட்டார். லாட்ஜைக் காலி செய்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்தார்கள். அதே டைரக்டரின் பழைய படம் ஒன்று திரும்ப வந்தபோது, நாங்கள் நால்வரும் மேட்னி போனோம். ஆமாம், பரோட்டா மாஸ்டரும்தான். கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சலவைச் சட்டையோடு வந்திருந்தார்.

கதாநாயகன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதுமே மதினி தூங்கிவிட்டார். தலை டைம்கீப்பரின் தோளில். படம் முடிந்தது, விளக்கு எரிந்தது, கூட்டம் வெளியேறியது. அவர் அசையவில்லை. தியேட்டரைப் பெருக்க வந்தவர் துடைப்பத்தோடு எங்கள் வரிசையருகே நின்றார்.

"மதினி தூங்குறாக. அந்தக் கடைசியிலருந்து பெருக்கிட்டு வாங்கண்ணே, மெதுவா" என்று மாஸ்டர் காதோடு காதாகச் சொன்னார்.

நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த டைரக்டரின் படங்கள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் தோள் மரத்துப்போய், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு, டைம்கீப்பர் அப்படியே உட்கார்ந்திருந்ததை மட்டும் இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன்.