ஒரு மாதக் குழந்தைக்குக் கால் கிலோ பச்சைக்கறி

ஆரணியில் ஜரிகைக்காரரைப் போலக் குழம்பத் தெரிந்தவர் இன்னொருவர் பிறக்கவில்லை. வலது செருப்பை முதலில் போடுவதா, இடது செருப்பையா என்று வாசலில் நின்று யோசித்தே வந்தவாசி பஸ்ஸை விட்டுவிடுவார். நெசவாளர்களுக்கு ஜரிகை விற்பது அவர் தொழில். தொண்ணூறுகளில் அவர் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் நான் வேலை பார்த்தேன். அதனால் அவருடைய குழப்பமெல்லாம் முதலில் என்னிடம்தான் வரும்.

முட்டை வாசனைகூட ஆகாத சைவம் அவர். அப்பேர்ப்பட்டவர் கடை வாசலில் ஒரு செவலை நாய் வந்து நாலு குட்டி போட்டது. குடும்பத்தோடு தூக்கிப்போய் வீட்டு மாடியில் குடிவைத்தார். ஒரு மாதத்தில் குட்டிகளுக்கு ஊசிப்பல் முளைத்தது. பால் கொடுக்கப் பிடிக்காமல் தாய் சீறியது. ரசஞ்சாதம் ஊட்டிப் பார்த்தார். வயிறுதான் பந்துபோல் உப்பியது. கடைக்குட்டியோ எழுந்து நிற்கவே இல்லை.

பெங்களூர் வியாபாரிக்குப் போன் போட வந்தவர், ஜரிகையை மறந்துவிட்டு நாயைப் பற்றியே பேசினார். பேசி முடித்து வெளிறிப்போய் வந்தார்.

"பச்சைக்கறி குடுக்கணுமாம்ப்பா. மாட்டாஸ்பத்திரி டாக்டரு வேக வெச்சுக் குடுன்றாரு. பெங்களூர்க்காரரு, வேக வெச்சா சத்து பூடும்ன்றாரு. நான் இன்னாத்தப் பண்றது?"

"குட்டிங்களையே கேளுங்கண்ணா."

கேட்டிருப்பார் போலிருக்கிறது. மறுநாள் காலை, மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு கறிக்கடையில் நின்றார். துணைக்கு நான்.

"கொழந்தைங்களுக்குக் கறி வேணும் பாய். கால் கிலோ."

"இன்னா வயசு?" என்றார் பாய்.

"ஒரு மாசம் ஆவுது. நாலு பேரு."

"நாலா! ஒரே பிரசவமா?"

"ஆமாங்க. தாய்ப்பால் பத்தல. பச்சையாவே குடுக்கணுமாம்."

கத்தி அந்தரத்தில் நின்றது. "பச்சையாவா? அம்மா எப்பிடி கீறாங்க?"

"கிட்ட போனா கடிக்க வராங்க பாய்."

நான் சிரித்துமுடித்து விளக்குவதற்குள், கடையில் நின்றவர்கள் சேதியோடு கிளம்பிவிட்டார்கள். மத்தியானம் ஜரிகைக்காரர் வீட்டுக்குப் பவுடர் டப்பாவும் குழந்தைச் சட்டையுமாகப் பெண்கள் வந்தார்கள். பேரன் எடுத்துவிட்ட அவர் மனைவி கதவைத் திறந்ததும், "இந்த வயசுல நாலாமே அக்கா!" என்றார்கள். அந்த அம்மாள் அப்புறம் கணவரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

சமையலறைக் கத்தியைத் தொடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. ஜரிகை வெட்டும் கத்தரியால், கண்ணை மூடிக்கொண்டு கறியைப் பொடிப்பொடியாக நறுக்கினார். விரல்நுனியில் எடுத்து நீட்டினார். குட்டிகள் முகர்ந்துவிட்டுத் தும்மின. இதற்குள் தாய் நாய் வந்து, தட்டோடு அத்தனையையும் காலி செய்தது. சற்று நேரம் கழித்துக் குட்டிகள் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கக்கியது.

"ஐயோ, தாய்க்கே ஆவலயே!" என்று அலறினார். என்னையும் இழுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க. பால் மறக்கடிக்கிற நேரத்துல தாய் நாய் தின்னுட்டு, அதைக் கக்கித்தான் குட்டிங்களுக்கு ஊட்டும்."

ஜரிகைக்காரருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. "அப்போ அது பச்சைக்கறி கணக்கா, வெந்த கறி கணக்கா சார்?"

 டாக்டரும் குழம்பிவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால், தரை துடைத்தாற்போல் இருந்தது. மூன்று குட்டிகள் மூக்கை நக்கிக்கொண்டிருந்தன. கடைக்குட்டி நாலு காலையும் பரப்பி, ஆடிக்கொண்டே, நின்றது. ஜரிகைக்காரர் மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்து அதன் வாயைத் துடைத்தார்.

சாயங்காலம் கடையில் அவர் மடியில் கடைக்குட்டி தூங்கியது. நெசவாளர்கள் ஜரிகைக்கு வந்து நின்றார்கள். எழுந்தால் குட்டி விழித்துக்கொள்ளும், எழாவிட்டால் வியாபாரம் போகும். என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணா" என்று சொல்லி, ஜரிகைக் கட்டுகளை நானே எடுத்துக் கொடுத்தேன். பக்கத்துப் பூத்தில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் போகவில்லை.